பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் வேகமும் சேவையகத்தின் சுமையும்

ஒரே மென்பொருளின் மூல நிரலைப் பலர் ஒரே காலத்தில் திருத்தும்போது, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பதைக் குறித்துவைத்து, வேண்டும்போது பழைய நிலையை மீட்டுத் தரும் மென்பொருளுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு என்று பெயர். கோப்புகளும் அவற்றின் முழு வரலாறும் சேர்ந்து இருக்கும் சேமிப்பிடம் களஞ்சியம் எனப்படும்; அந்தக் களஞ்சியத்தைப் பிணையத்தின் வழியாகப் பலருக்கும் வழங்கும் கணினியே சேவையகம். கிட், சப்வெர்ஷன், மெர்க்கூரியல், பெர்ஃபோர்ஸ் ஆகியவற்றுள் எது சேவையகத்தில் வேகமாக இயங்கும் என்ற கேள்வி, ஒரு குழு புதிதாக அமையும்போதும், இருக்கும் அமைப்பு திணறத் தொடங்கும்போதும் தவறாமல் எழுகிறது. இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாமைக்குக் காரணம், இவ்வமைப்புகள் ஒரே வேலையை வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு நேரங்களிலும் செய்கின்றன என்பதுதான். எழுதும்போது மிச்சப்படுத்திய உழைப்பு படிக்கும்போது செலவாகிறது; சேவையகத்திலிருந்து இறக்கிய சுமை பயனரின் கணினியில் ஏறுகிறது. ஆகவே, ஒப்பீடு செய்பவர் முதலில் தேட வேண்டியது அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையே.

கோப்பின் ஒவ்வொரு பதிப்பையும் முழுமையாக வைத்திருந்தால் சேமிப்பிடம் போதாது என்பதால், பெரும்பாலான அமைப்புகள் இரு பதிப்புகளுக்கிடையே மாறிய பகுதியை மட்டும் சேமிக்கின்றன. இந்த வேறுபாட்டுக் குறிப்பு டெல்டா எனப்படும். டெல்டாக்களை எந்தப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, எந்த வரிசையில் அடுக்குவது என்பதிலேயே சேவையகத்தின் வேகத்தில் பெரும்பங்கு தீர்மானமாகிவிடுகிறது. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். என்னும் அமைப்பு, ஒரு கோப்பின் வரலாற்றில் தோன்றிய எல்லா வரிகளையும் ஒரே கோப்புக்குள் பின்னிவைத்து, ஒவ்வொரு வரியும் எந்தப் பதிப்பில் நுழைந்தது, எந்தப் பதிப்பில் நீங்கியது என்ற குறிகளை இடையிடையே இட்டது. இதனால், முதல் பதிப்பைக் கேட்டாலும் நேற்றைய பதிப்பைக் கேட்டாலும் அந்தக் கோப்பு முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டியிருந்தது. வரலாறு நீள நீள எல்லாக் கோரிக்கைகளும் ஒரே அளவில் மெதுவாயின. பத்தாண்டுகளுக்குப் பின், 1982-இல், பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி வடிவமைத்த ஆர்.சி.எஸ். இதைத் தலைகீழாக்கியது: அண்மைப் பதிப்பை முழுமையாக வைத்துக்கொண்டு, பழையவற்றுக்குப் பின்னோக்கிச் செல்லும் டெல்டாக்களை மட்டும் சேமித்தது. பெரும்பாலோர் பெரும்பாலான நேரம் கேட்பது அண்மைப் பதிப்பைத்தான் என்ற எளிய கவனிப்பே இதன் அடிப்படை. பயன்பாட்டின் போக்கைப் பார்த்துச் சேமிப்பின் வடிவத்தை முடிவு செய்த அந்த அணுகுமுறை இன்றளவும் இத்துறையில் நிலைத்திருக்கிறது. ஆனால், அதன் பயன் முதன்மைக் கிளைக்கு, அதாவது மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளரும் முதன்மைத் தொடருக்கு, மட்டுமே கிடைத்தது. முதன்மைக் கிளையிலிருந்து பிரிந்து வளர்ந்த இன்னொரு கிளையின் நுனியைப் பெற, முதலில் பிரிந்த இடம் வரை பின்னோக்கி வந்து, பிறகு அக்கிளையின் வழியே முன்னோக்கிச் செல்ல வேண்டியிருந்தது.

ஆர்.சி.எஸ். கோப்புகளின் மேல் கட்டப்பட்ட சி.வி.எஸ்., 1990-களில் பிணையத்தின் வழியாகப் பலர் சேர்ந்து பணியாற்றுவதைப் பரவலாக்கியது. ஆனால் அதற்கு ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறு உண்டே தவிர, முழுத் திட்டத்துக்கும் பொதுவான வரலாறு கிடையாது. வெளியீட்டு நாளன்று ‘இதுவே இன்றைய நிலை’ என்று ஓர் அடையாளப் பெயர் சூட்ட வேண்டுமானால், சேவையகம் களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு வரலாற்றுக் கோப்பையும் திறந்து அப்பெயரை எழுத வேண்டும். கோப்புகளின் எண்ணிக்கை ஏற ஏற அந்த ஒரு கட்டளையே வட்டின் முழு ஆற்றலையும் நெடுநேரம் விழுங்கிவிடும்.

2000-இல் காலப்நெட் நிறுவனம் தொடங்கிவைத்து, 2004 பிப்ரவரியில் முதல் முழு வெளியீடாக வந்த சப்வெர்ஷன் இந்தக் குறையை வேரோடு நீக்கியது. அதில் ஒவ்வொரு கமிட்டும், அதாவது ஒன்றுசேர்ந்து பதிவாகும் மாற்றங்களின் தொகுதியும், முழுக் களஞ்சியத்துக்கும் பொதுவான ஓர் எண்ணைப் பெறுகிறது. கிளை பிரிப்பதும் அடையாளப் பெயரிடுவதும் பழைய கோப்பகத்தைச் சுட்டும் ஒரு புதிய பதிவை மட்டும் எழுதுவதால், பத்துக் கோப்புகள் இருந்தாலும் பத்து லட்சம் கோப்புகள் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிகின்றன. இதைவிட நுட்பமானது அதன் டெல்டா அடுக்குமுறை. ஒரு கோப்பின் 54-ஆவது மாற்றத்தை 53-ஆவதன் மேல் டெல்டாவாக வைத்தால், அதைப் பெற ஐம்பதுக்கு மேற்பட்ட டெல்டாக்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டிவரும். தொடக்கக்காலச் சப்வெர்ஷன் அதற்குப் பதிலாக அந்த எண்ணை இரும வடிவில் எழுதி, அதன் கடைசி ஒன்றைச் சுழியமாக்கி, கிடைக்கும் எண்ணை அடிப்படையாகக் கொண்டது: 54-க்கு 52, 52-க்கு 48, 48-க்கு 32, 32-க்குச் சுழியம் என நான்கே படிகளில் தொடக்கத்தை எட்டிவிட்டது. ஆயிரம் முறை திருத்தப்பட்ட கோப்பாயினும் அதன் எந்தப் பதிப்பும் பத்து டெல்டாக்களுக்குள் கிடைத்துவிட்டது. இதற்கான விலை சேமிப்பிடத்தில் செலுத்தப்பட்டது. தொலைவில் உள்ள பதிப்பை அடிப்படையாகக் கொண்டதால் ஒவ்வொரு டெல்டாவும் சற்றுப் பெரிதாயிற்று. வட்டின் விலை இறங்கிக்கொண்டே வந்த காலத்தில் இது சரியான தேர்வுதான்.

சப்வெர்ஷனின் சேவையகச் சுமையை நிர்ணயிப்பது டெல்டா மட்டும் அன்று. பயனரின் கணினியில், அவர் பெற்றுக்கொண்ட பதிப்பின் திருத்தப்படாத நகல் ஒன்று இருப்பதால், தாம் செய்த மாற்றங்களைப் பார்க்க அவர் சேவையகத்தை நாட வேண்டியதில்லை. ஆனால் வரலாற்றைப் பார்ப்பது, இரு பழைய பதிப்புகளை ஒப்பிடுவது, ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று தேடுவது ஆகிய அனைத்தும் சேவையகத்துக்கே செல்கின்றன. கடைசியாகச் சொன்ன தேடலுக்கு அந்தக் கோப்பின் எல்லா மாற்றங்களையும் சேவையகம் வரிசையாக அனுப்ப வேண்டும். நூறு பேர் கொண்ட குழுவில் நாள் முழுவதும் சிறு சிறு கோரிக்கைகளாக வந்துகொண்டே இருக்கும் இந்தச் சுமை, சீரானது, முன்கூட்டியே கணிக்கத்தக்கது, ஆனால் ஒருபோதும் ஓயாதது.

கிட் பிறந்த கதை வேகத்தின் கதையே. லினக்ஸ் கர்னலின் உருவாக்குநர்கள் 2002 முதல் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருளின் இலவச உரிமம் 2005-இல் திரும்பப் பெறப்பட்டபோது, அக்கர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அன்று கிடைத்த திறந்தமூல அமைப்புகளைப் பார்த்துவிட்டு, தம் தேவைக்கு அவை மெதுவானவை என்று முடிவு செய்தார். பலர் அனுப்பும் திருத்தங்களை அவர் நூற்றுக்கணக்கில் ஒரே மூச்சில் ஏற்பவர். ஒரு திருத்தத்துக்கு அரை நிமிடம் ஆகுமானால் அந்தப் பணி நடக்காது. அவ்வாண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் தொடங்கிய கிட், ஏப்ரல் 29-இல் கர்னலின் மேல் நொடிக்கு 6.7 திருத்தங்களைப் பதிவு செய்தது. இந்த வேகத்தின் இரகசியம், எழுதும் நேரத்தில் டெல்டா எதையும் கணக்கிடாமல் இருப்பதில் உள்ளது. கிட், ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் ஒவ்வொரு கோப்பகத்தின் பட்டியலையும் ஒவ்வொரு கமிட்டையும் தனித்தனிப் பொருளாகக் கொண்டு, அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் ஹாஷ் என்னும் 160 பிட் அடையாள எண்ணைப் பெயராகச் சூட்டி, சுருக்கி, அப்படியே வட்டில் எழுதிவிடுகிறது. மாறாத கோப்பின் ஹாஷும் மாறாது என்பதால் அதை மீண்டும் எழுத வேண்டிய தேவையே எழாது.

ஒத்திப்போட்ட அந்த வேலை பின்னர் வந்து சேர்கிறது. சிதறிக் கிடக்கும் பொருள்களை அவ்வப்போது ஒரே பெருங்கோப்பாகக் கட்டும் பணி உண்டு. அப்படிக் கட்டப்பட்டது பேக் எனப்படும். பொருள்களை வகை, பெயர், அளவு என்ற வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் அதற்கு அருகில் உள்ள பத்துப் பொருள்களோடு ஒப்பிட்டு, எதனோடு சேர்த்தால் மிகச் சிறிய டெல்டா கிடைக்கிறதோ அதையே அடிப்படையாக்குவது வழக்கமான அமைப்பு. டெல்டாச் சங்கிலியின் நீளம் 50-ஐத் தாண்டாமலும் அது பார்த்துக்கொள்கிறது. கோப்புகள் பொதுவாகக் காலப்போக்கில் வளர்பவை என்பதால், பெரியதை முதலில் வைக்கும் இந்த வரிசை, அண்மைப் பதிப்பையே அடிப்படையாக்கிவிடுகிறது. டிஷி நாற்பதாண்டுகளுக்கு முன் கண்ட அதே பயன் இங்கே வேறு வழியில் கிட்டுகிறது. இந்தக் கட்டும் பணி செயலியையும் நினைவகத்தையும் மிகுதியாக உண்ணும். அதை இரவில் ஓட்டும் சேவையகமும், ஓட்ட மறந்த சேவையகமும் ஒரே மென்பொருளை ஒரே வன்பொருளில் இயக்கினாலும், மறுநாள் காலையில் அவற்றின் வேகம் ஒன்றாக இராது.

கிட் சேவையகத்துக்கு வரும் மிகக் கனமான கோரிக்கை, களஞ்சியம் முழுவதையும் வரலாற்றோடு நகலெடுக்கும் க்ளோன் என்னும் செயல். அப்போது சேவையகம் முதலில் எந்தெந்தப் பொருள்களை அனுப்ப வேண்டும் என்று எண்ணுகிறது. இதற்காக ஒவ்வொரு கமிட்டிலிருந்தும் அதன் முன்னோருக்கும், ஒவ்வொரு கோப்பகத்திலிருந்தும் அதன் உள்ளடக்கத்துக்கும் தொடர்ந்து நடந்து, கண்டவற்றைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். பத்து லட்சம் கமிட்டுகளைத் தாண்டிவிட்ட லினக்ஸ் கர்னல் போன்ற களஞ்சியத்தில், ஒரு பைட்டையும் அனுப்பத் தொடங்குமுன்னரே நெடுநேரம் செயலி ஓடும் கட்டம் இது. அடுத்த கட்டத்தில், ஏற்கெனவே வட்டில் இருக்கும் டெல்டாக்களை இயன்றவரை அப்படியே எடுத்து அனுப்புகிறது. இரண்டாவது கட்டம் நன்கு கட்டப்பட்ட களஞ்சியத்தில் மலிவானது, முதலாவதுதான் வலி.

அதற்கான மருந்து பிட்மேப் என்னும் வடிவில் வந்தது. தேர்ந்தெடுத்த சில கமிட்டுகளுக்கு, அவற்றிலிருந்து எட்டக்கூடிய பொருள்கள் எவை என்பதை, பொருளுக்கு ஒரு பிட் வீதம் முன்கூட்டியே குறித்துவைத்தால், பின்னர் அந்த நெடுநடை தேவைப்படாமல், பிட் வரிசைகளை ஒன்றோடொன்று சேர்த்தும் கழித்தும் விடை காணலாம். கிட்டின் ஜாவா வடிவமான ஜேகிட்டில் முதலில் உருவான இந்த உத்தி, கிட்ஹப் நிறுவனத்தின் பொறியாளர்கள் வழியாகக் கிட்டிலேயே இடம்பெற்று, 2014-இல் வெளியான 2.0 பதிப்பில் பரவலானது. இதே தன்மை கொண்ட இன்னொரு முன்கணக்கீடு, கமிட்டுகளின் உறவுமுறையைத் தனிக்கோப்பில் வைக்கும் கமிட் கிராஃப். இது 2018-இல் வந்த 2.18 பதிப்பில் சேர்ந்தது. இவை இரண்டும் இயக்கப்பட்ட சேவையகத்தையும் இயக்கப்படாத சேவையகத்தையும் ‘கிட்’ என்ற ஒரே பெயரில் அளந்து எழுதிய ஒப்பீடுகளுக்குப் பெரிய மதிப்பில்லை.

க்ளோன் செலவை மட்டும் பார்த்தால் சப்வெர்ஷனின் சேவையகம் வென்றதாகத் தோன்றும்; ஏனெனில் அது ஒரே ஒரு பதிப்பை மட்டும் அனுப்பி வேலையை முடித்துக்கொள்கிறது. ஆனால் க்ளோன் முடிந்த பிறகு கிட் பயனர் வரலாற்றைப் புரட்டுவதும், பழையதை ஒப்பிடுவதும், கிளை பிரிப்பதும், வரிக்கு வரி தேடுவதும் தம் கணினியிலேயே நடக்கின்றன. சேவையகத்துக்கு அவை நடப்பதே தெரியாது. பெரும் தொகையை ஒருமுறை கட்டிவிட்டுச் சும்மா இருப்பதற்கும், மாதந்தோறும் சிறுதொகை கட்டிக்கொண்டே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. எது மலிவு என்பது, எத்தனை பேர் எத்தனை காலம் அந்த நகலை வைத்துப் பணியாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கே 2009-இல் நடந்த ஒரு தேர்வைக் குறிப்பிடுவது பயனுள்ளது. திறந்தமூலத் திட்டங்களுக்கு இடமளித்துவந்த கூகுள் கோட் தளம், சப்வெர்ஷனுக்கு அடுத்ததாக முழு வரலாறும் ஒவ்வொரு பயனரிடமும் இருக்கும் ஒரு பரவல் அமைப்பைச் சேர்க்க எண்ணியபோது, கிட்டையும் மெர்க்கூரியலையும் ஒப்பிட்டு, மெர்க்கூரியலைத் தேர்ந்தது. வலைப்பக்கங்களை அனுப்பப் பயன்படும் எச்.டி.டி.பி. நெறிமுறையின் வழியே மெர்க்கூரியல் திறமையாக இயங்கியது அதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்று. அன்றைய கிட், எச்.டி.டி.பி. வழியில் சேவையகத்தை வெறும் கோப்புக் கிடங்காகவே நடத்தியது: பயனரின் கணினி ஒரு கமிட்டைக் கேட்டு, அதைப் பிரித்துப் பார்த்து, அடுத்து எது வேண்டும் என்று அறிந்து, மீண்டும் கேட்டு என ஒவ்வொரு படியாக நடந்தது. சேவையகத்தின் செயலிக்கு வேலையே இல்லை. பயனருக்கோ பொறுமை தீர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 1.6.6 பதிப்பில், பயனரிடம் என்ன இருக்கிறது, என்ன வேண்டும் என்பதைப் பேசித் தெரிந்துகொண்டு, வேண்டியவற்றை மட்டும் ஒரே பேக்காகத் தொகுத்து அனுப்பும் அறிவார்ந்த எச்.டி.டி.பி. முறை சேர்ந்தது. பயனரின் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. அந்த உழைப்பு சேவையகத்தின் செயலிக்கு இடம்பெயர்ந்தது. சில மாதங்களுக்கு முன் நேர்மையாகச் செய்யப்பட்ட ஓர் ஒப்பீட்டின் முக்கியக் காரணம், ஒரு வெளியீட்டால் வலுவிழந்தது. கூகுள் கோட் தளமும் 2011-இல் கிட்டைச் சேர்த்துக்கொண்டது. ஒப்பீட்டு அறிக்கையில் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் தேதியையும் குறிக்காமல் விடுவது எத்தகைய குறை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மெர்க்கூரியலின் சேமிப்பு முறையும் தனியே கவனிக்கத்தக்கது. கிட் தோன்றிய அதே ஏப்ரலில், அதே பிட்கீப்பர் நெருக்கடியின் விளைவாக ஒலிவியா மக்கால் தொடங்கிய இவ்வமைப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரலாற்றேட்டை வைத்து, புதிய டெல்டாக்களை அதன் இறுதியில் சேர்த்துக்கொண்டே போகிறது. சங்கிலியில் படிக்க வேண்டிய பைட்டுகள் ஒரு வரம்பைத் தாண்டியதும் முழுப் பதிப்பு ஒன்றை எழுதிவிட்டு அங்கிருந்து மீண்டும் தொடங்குகிறது. இதனால் எந்தப் பதிப்பையும் பெறுவதற்கான செலவுக்கு ஓர் உச்சவரம்பு எப்போதும் உண்டு; கிட்டில் உள்ளதுபோல இரவுநேரக் கட்டுமானப் பணியும் தேவைப்படுவதில்லை.

பெர்ஃபோர்ஸ் முற்றிலும் வேறு வழியில் செல்கிறது. எந்தப் பயனரின் எந்தப் பணியிடத்தில் எந்தக் கோப்பின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதைக்கூடச் சேவையகமே தன் தரவுத்தள அட்டவணையில் வைத்துக்கொள்கிறது. எனவே புதிய மாற்றங்களைப் பெறும் கட்டளை வந்தால், பயனரின் கணினியை எதுவும் கேட்காமலேயே எவற்றை அனுப்ப வேண்டும் என்று சேவையகம் சொல்லிவிடும். பெரிய படங்களும் ஒலிக்கோப்புகளும் நிறைந்த கணினி விளையாட்டு நிறுவனங்களில் இவ்வமைப்பு இன்றும் விரும்பப்படுவதற்கு இது ஒரு காரணம். மறுபுறம், எல்லாக் கோரிக்கைகளும் அந்த அட்டவணைகளில் வந்து மோதுகின்றன. ஒருவர் பல லட்சம் கோப்புகளைக் கேட்டு அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கும்போது, அதே அட்டவணையில் எழுத வேண்டியவர் காத்திருக்க நேரலாம். கூகுள் நிறுவனம் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தன் முதன்மைக் களஞ்சியத்தை ஒரே கணினியில் இயங்கிய பெர்ஃபோர்ஸ் சேவையகத்தில், அடிக்கடி கேட்கப்படுபவற்றை விரைவாகத் தர நகலெடுத்து வைக்கும் தன் சொந்த இடைச்சேமிப்புகளின் துணையோடு நடத்தியது. பிறகு பத்துத் தரவு மையங்களில் பரவிய பைப்பர் என்னும் தன் சொந்த அமைப்புக்கு மாறியது. ரேச்சல் பாட்வினும் ஜோஷ் லெவன்பெர்கும் 2016-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 2015 ஜனவரியில் அக்களஞ்சியத்தில் ஏறத்தாழ 100 கோடி கோப்புகளும் 3.5 கோடி கமிட்டுகளும் 86 டெராபைட் தரவும் இருந்தன. உச்ச நேரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 8 லட்சம் கோரிக்கைகள் வந்தன. அந்தக் கோரிக்கைகளில் பெரும்பகுதி மனிதர்களுடையவை அல்ல, தானியங்கி நிரல்களுடையவை என்பதை அக்கட்டுரை வலியுறுத்துகிறது.

இந்தக் கடைசிச் செய்தி சிறிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மென்பொருளைப் புதிதாகக் கட்டிச் சோதிக்கும் தானியங்கி முறை வந்தபின், க்ளோன் என்பது புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருமுறை செய்வதாக இல்லாமல், இயந்திரங்கள் நாளெல்லாம் செய்வதாக மாறிவிட்டது. சோதனை முடிந்ததும் நகல் அழிக்கப்பட்டு, அடுத்த சோதனைக்கு முழு வரலாறும் மீண்டும் கேட்கப்படுகிறது. ஒருமுறை செலுத்தி நெடுங்காலம் பயன்பெறும் கணக்கில் வடிவமைக்கப்பட்ட கிட்டுக்கு, இது அதன் இயல்புக்கே எதிரான பயன்பாடு. அண்மைக் கமிட்டை மட்டும் பெறும் ஆழமற்ற க்ளோன் இதற்கு ஓரளவு விடையாகும். ஆனால் அந்த நகலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அதன் மேல் அடிக்கடி புதியவற்றைப் பெறத் தொடங்கினால், எல்லை எங்கே என்று கணக்கிடும் வேலை சேவையகத்துக்குக் கூடிவிடுகிறது. அழித்துவிடும் நகலுக்கு ஆழமற்ற க்ளோன், வைத்திருக்கும் நகலுக்கு முழு க்ளோன் என்பதே சரியான வழக்கம்.

அளவிடும் முறைக்கு வரும்போது, பெரும்பாலான ஒப்பீடுகள் முதற்படியிலேயே வழுக்குகின்றன. ஒரு கட்டளையை ஒருவர் ஒருமுறை இயக்கி நேரத்தைக் குறிப்பது சேவையகத்தைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. இயங்குதளம், ஒருமுறை படித்த கோப்பை நினைவகத்தில் தக்கவைத்துக்கொள்வதால், முதல் முறையும் இரண்டாம் முறையும் பல மடங்கு வேறுபடலாம். குளிர்ந்த நிலை, சூடான நிலை என்று இவற்றைப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். பிணையத்தின் பங்கும் அப்படியே. ஒரு கட்டளை, ஒன்று முடிந்தபின் மற்றொன்றாக 200 முறை சேவையகத்தோடு பேசுகிறது என்று கொண்டால், போய்வர அரை மில்லிநொடி ஆகும் உள்ளகப் பிணையத்தில் அதற்குப் பத்தில் ஒரு நொடியே ஆகும். போய்வர 200 மில்லிநொடி ஆகும் கண்டம் கடந்த இணைப்பில் அதே கட்டளை 40 நொடி எடுக்கும், சேவையகம் எவ்வளவு ஆற்றல் மிக்கதாயினும். சப்வெர்ஷன் 2011-இல் தன் எச்.டி.டி.பி. நெறிமுறையைச் சுருக்கியதும், கிட் 2018-இல் அறிமுகப்படுத்தி 2020-இல் இயல்பாக்கிய இரண்டாம் நெறிமுறையில், எல்லாக் கிளைகளின் பட்டியலையும் கேட்காமலே அனுப்பும் பழைய வழக்கத்தைக் கைவிட்டதும் இந்தப் பேச்சுச் செலவைக் குறைக்கவே.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நெரிசல். கோரிக்கைகள் ஒழுங்கின்றி வந்து, ஒரே செயலி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் எளிய வரிசைக் கணிதத்தின்படி, சேவையகம் பாதி நேரம் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தால், ஒரு கோரிக்கை முடிவதற்குச் சராசரியாக அதன் தனி நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆகும். 90 விழுக்காடு ஆனால் பத்து மடங்கு, 95 விழுக்காடு ஆனால் இருபது மடங்கு. தனியாக அளக்கும்போது பத்து விழுக்காடு மட்டுமே மெதுவான ஓர் அமைப்பு, நெரிசல் நேரத்தில் இரு மடங்கு மெதுவாகத் தோன்றுவது இதனாலேயே. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இன்னொரு கோணத்தைத் தருகிறது: உள்ளே ஒரே நேரத்தில் இருக்கும் கோரிக்கைகளின் சராசரி எண்ணிக்கை, நொடிக்கு வரும் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தையும் பெருக்கக் கிடைப்பது. நொடிக்கு 5 க்ளோன்கள் வந்து, ஒவ்வொன்றும் 12 நொடி ஆனால், எந்த நொடியிலும் 60 க்ளோன்கள் சேவையகத்துக்குள் இருக்கும். ஒவ்வொன்றும் 500 மெகாபைட் நினைவகம் கேட்டால் 30 ஜிகாபைட் தேவை. நினைவகம் தீர்ந்த சேவையகம், இடைச்சேமிப்பைத் துறந்து வட்டைத் தேடத் தொடங்கும்போது, தங்கும் நேரம் கூடி, உள்ளே இருப்போர் எண்ணிக்கையும் கூடி, சரிவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். எனவே சராசரியை மட்டும் தரும் அட்டவணை போதாது. நூற்றில் மிக மெதுவான ஒரு கோரிக்கை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும், எத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள் என்பதையும், உச்ச நினைவகப் பயன்பாட்டையும் சேர்த்துத் தருவதே பயனுள்ள ஒப்பீடு.

சேவையகத்தின் மேல் சுமத்தப்படும் பழி பல நேரங்களில் அதற்கு உரியதே அன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017-இல் விண்டோஸின் மூல நிரலைக் கிட்டுக்கு மாற்றியபோது, அதில் ஏறத்தாழ 35 லட்சம் கோப்புகளும் 300 ஜிகாபைட் தரவும் இருந்தன. ஏறத்தாழ 4,000 பொறியாளர்கள் நாளொன்றுக்கு 8,400-க்கும் மேற்பட்ட முறை தம் மாற்றங்களை அனுப்பினர். 1,760 தானியங்கிக் கட்டுமானங்கள் நடந்தன. சாதாரணக் கிட்டில் க்ளோன் 12 மணி நேரத்துக்கும் மேலாயிற்று என்பது சேவையகத்துக்கும் பிணையத்துக்கும் உரிய சிக்கல்தான். ஆனால் எந்தக் கோப்புகள் மாறியுள்ளன என்று காட்டும் கட்டளைக்கு 10 நிமிடம் ஆனதற்குச் சேவையகம் காரணமன்று. பயனரின் கணினி ஒவ்வொரு கோப்பையும் தொட்டுப் பார்த்ததே காரணம். கோப்பைத் திறக்கும்போது மட்டும் அதன் உள்ளடக்கத்தைச் சேவையகத்திலிருந்து வரவழைக்கும் மெய்நிகர்க் கோப்பு முறையை அந்நிறுவனம் உருவாக்கியபின், க்ளோன் சில நிமிடங்களாகவும் நிலை காட்டும் கட்டளை நான்கைந்து நொடிகளாகவும் சுருங்கின. அதே கணத்தில், கோப்பு திறக்கும் ஒவ்வொரு செயலிலும் சேவையகம் பங்காளியாகிவிட்டது; தொலைவில் உள்ள அலுவலகங்களுக்கு அருகிலேயே இடைச்சேமிப்புச் சேவையகங்களை நிறுவ வேண்டியதாயிற்று. ஃபேஸ்புக் நிறுவனம் மெர்க்கூரியலைத் தேர்ந்து, 2014-இல் அறிவித்த மாற்றங்களும் இதே இரு திசைகளில் சென்றன: கோப்பு மாற்றங்களை இயங்குதளத்திடமே கேட்டறியும் காவல் நிரல் ஒன்று பயனரின் கணினியிலும், கோப்பு வரலாறுகளைக் கேட்கும்போது மட்டும் அனுப்பும் நீட்சி ஒன்று சேவையகத்திலும் அமைந்தன.

இத்தகைய பேரளவுக்கு வெளியே உள்ள குழுக்களுக்கு, அதாவது சில நூறு பேரும் சில ஜிகாபைட் மூல நிரலும் கொண்ட நிறுவனங்களுக்கு, அமைப்பை மாற்றுவதால் கிடைக்கும் வேகத்தைவிட, இருக்கும் அமைப்பைச் சரியாகப் பேணுவதால் கிடைக்கும் வேகம் பெரும்பாலும் மிகுதி. உரைக்கோப்புகளே நிறைந்த களஞ்சியத்துக்கு, பேக்குகள் ஒழுங்காகக் கட்டப்பட்டு, பிட்மேப்பும் கமிட் கிராஃபும் இயக்கப்பட்ட கிட் சேவையகம் போதுமானது. அன்றாடம் மாறும் பெரும் படக்கோப்புகள் நிறைந்த களஞ்சியத்துக்குப் பெர்ஃபோர்ஸோ சப்வெர்ஷனோ இன்றும் பொருத்தமான தேர்வே. அவற்றைப் பழைமை என்று ஒதுக்குவதில் நியாயமில்லை. ஆகவே, சேவையகம் மெதுவாகிவிட்டது என்ற குறை எழுந்தால், அதைப் பேணும் பொறுப்பில் இருப்போர் மாற்று அமைப்புகளின் அட்டவணைகளைத் தேடுவதற்கு முன், தம் சேவையகத்தின் ஒரு வாரப் பதிவேட்டை எடுத்து, வந்த க்ளோன்கள் எத்தனை, அவற்றுள் மனிதர்கள் கேட்டவை எத்தனை, இயந்திரங்கள் கேட்டவை எத்தனை என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.